ஆறுக்கு அடுத்தது

சம்பத்துக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதம் நேற்றுப் பகல் தபாலில் வந்தது. கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது, பந்தக்கால் என்றைக்கு, சமையலுக்கு யாரைச் சொல்லியிருக்கிறாய் என்றெல்லாம் வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் நான்கே வரியில் ஒன்றை எழுதியிருக்கிறாய் பார், அதைத்தான் மூன்று தரம் படித்தேன். வசந்தா உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில் எனக்கு வருத்தம் என்று உனக்குத் தோன்றியதாம். அத்தையும் கோபித்துக்கொண்டாளாம். அதனால் இனிமேல் ஆம்பூர்ப் பக்கம் வந்தால் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடப் போகிறாயாம். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் கடிதத்தை மடித்தேன். சொல்லாதே அப்பா. அதைத் தடுக்கத்தான் அவசரமாக இந்தக் காகிதத்தை எடுத்தேன். ஆனால் ஏன் சொல்லக் கூடாது என்பதை நாலு வரியில் எழுத எனக்கு வராது. பொறுமையாகப் படி.

அவள் அப்பா அம்மாவோடு நம் வீட்டைப் பார்க்க வந்த அன்று நடந்ததை முதலில் நினைத்துப் பார். நீ வெளியிலிருந்து இரண்டு கையிலும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேகமாக உள்ளே வந்தாய். நம் வீட்டு வாசல் நிலை குட்டை. நீ வளர்ந்த பிறகு எத்தனை தரம் அதில் நெற்றியை இடித்துக்கொண்டிருக்கிறாய் என்று உனக்கே தெரியும். கூடத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண், "சம்பத், குனி!" என்றாள். நீ ஏன் என்று கேட்கவில்லை. கழுத்தைச் சட்டென்று மடித்துக்கொண்டு நிலைக்குக் கீழே நுழைந்துவிட்டாய். உன் அத்தை என் காதருகில் வந்து, "இன்னாடி இது, கட்டிக்கப் போறவன பேர் வச்சிக் கூப்புடறா? நாளைக்கு வாடா போடான்னுவா போலகீதே" என்றாள். நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். அதைப் பார்த்துத்தான் எனக்கு வருத்தம் என்று முடிவு கட்டியிருக்கிறாய். நான் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். ஆனால் அது அவள்மேல் வந்த வருத்தம் இல்லை.

உன் அப்பாவின் பேரை நான் சொல்லி நீ கேட்டதே கிடையாது. எங்கள் காலத்தில் எந்தப் பெண்டாட்டியும் சொல்ல மாட்டாள். சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று என் அம்மா தாலி கட்டிய அன்றே என் காதில் ஓதி அனுப்பினாள். பேரைச் சொல்லக் கூடாது என்றால் அந்தப் பேரில் இருக்கிற வார்த்தையையும் சொல்லக் கூடாது. சித்தாள் வேலையில் செங்கல்லை எண்ணித்தான் தலையில் அடுக்க வேண்டும். நான் எண்ணுவதைக் கேட்க எல்லோரும் காத்துக்கொண்டிருப்பார்கள். "நாலு, அஞ்சு, ஆறு, அதுக்கு அடுத்தது, எட்டு" என்று எண்ணுவேன். மற்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்தவர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? கோவிந்தன் என்று ஒரு கொத்தனார் இருந்தார். அவர் பெண்டாட்டி திருப்பதி போகிற வண்டியில் எல்லோரும் கோவிந்தா போடும்போது வாயைப் பொத்திக்கொண்டு வருவாளாம். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, தகப்பன் பேர் என்ன என்று வாத்தியார் கேட்டார். நான் விரலை மடக்கி மடக்கிக் காட்டிக்கொண்டு நின்றேன். ஐந்து வயதில் நீதான் எனக்காக அந்தப் பேரைச் சத்தமாகச் சொன்னாய். வாத்தியார் சிரித்தார், நானும் சிரித்தேன். அதற்கு ஐந்து வருடம் முன்னால் அந்தப் பேர் என் வாயில் வராமல் போனது எவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

அப்போது சண்டைக் காலம். பட்டாளத்துக்குப் பூட்ஸ் வேண்டும் என்று இங்கே தோல் பதனிடுகிற எல்லா ஷாப்பிலும் ராப்பகலாக வேலை. நாங்கள் வேலைக்குப் போன ஷாப்பில் தோலைக் காயப்போட மேலே இன்னொரு மாடி கட்டச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். உன் அப்பா கொத்தனார், நான் சித்தாள். எங்களைப் போலப் புருஷனும் பெண்டாட்டியுமாக ஐந்து ஜோடி. சாரம் கட்டச் சவுக்குக் கட்டை கிடைத்தது, கட்டுகிற கயிறு கிடைக்கவில்லை. நல்ல தேங்காய்நார்க் கயிறும் கம்பியும் பட்டாளத்துக்குப் போய்விட்டன. மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்தார். ஷாப்பில் எது இல்லாவிட்டாலும் தோலுக்குப் பஞ்சம் உண்டா? பதனிடாத பச்சைத் தோலின் ஓரத்தை நீள நீளமாக அறுத்து வாராக்கி, அதை ஈரத்தோடு இழுத்துக் கட்டச் சொன்னார். வெயிலில் காய்ந்ததும் அது இறுகி இரும்பாகிவிட்டது. மேஸ்திரிக்கு ஒரே பெருமை. கலவையும் செங்கல்லும் மேலே இழுக்கிற பெரிய இரும்புக் கப்பியையும் அதே வாரில்தான் உச்சிக் கட்டையில் கட்டித் தொங்கவிட்டார்கள். கிணற்றில் இருக்கிற கப்பியைப் போல அது இரண்டு பங்கு கனம் இருக்கும்.

ஷாப்பில் ஊறல் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் காதர் பாய். வயதானவர், தோலிலேயே பிறந்து தோலிலேயே வளர்ந்தவர். ஒருநாள் நான் தண்ணீர் மொள்ளப் போனபோது மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பச்சத் தோல்ல கட்டி வச்சிகீறாங்க? வெயில்ல கல்லாட்டம் நிக்கும். நாலு நாள் மழைல நனைஞ்சா கொழகொழன்னு இளகி இழுத்துனு வந்துடும். மேஸ்திரிகிட்ட சொல்லு" என்றார். நான் உன் அப்பாவிடம் சொன்னேன். "மேஸ்திரிக்குத் தெரியாததா? கட்டடம் கட்றது நாமளா, பாயா?" என்றார் அவர். நானும் விட்டுவிட்டேன். கட்டடக்காரர்களுக்குத் தோலைப் பற்றித் தெரியாது, தோல்காரர்களைக் கேட்பதும் கௌரவக் குறைச்சல். நான் நேராக மேஸ்திரியிடமே போய்ச் சொல்லியிருக்கலாம். சித்தாள் வாயைத் திறந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பயம். இது என் முதல் தப்பு. இன்னொன்றைச் சொல்லப் போகிறேன், அது பெரியது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் தூறியது. நாலாம் நாள் காலையில் கொஞ்சம் வெளுத்ததும் மேஸ்திரி எல்லோரையும் வேலைக்கு இழுத்தார். உன் அப்பா கப்பிக்கு நேர் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து படிக்கட்டுக்குச் செங்கல் வரி வைத்துக்கொண்டிருந்தார். நான் அங்கிருந்து முப்பது அடி தள்ளி, செங்கல் குவியல் பக்கத்தில், தலையில் சுமையோடு நின்றேன். எதற்காக மேலே பார்த்தேனோ தெரியாது. கப்பி ஒரு சாண் கீழே இறங்கி நின்றது. வார் நீண்டு மெலிந்து பளபளவென்று தெரிந்தது. பிறகு இன்னொரு சாண் இறங்கியது. சம்பத், அது திடீரென்று அறுந்து விழவில்லை. இறங்கி இறங்கித்தான் வந்தது. எனக்கு நேரம் இருந்தது. இந்த ஒரு வரியை இருபத்து நாலு வருடமாக நானாக யாரிடமும் சொன்னதில்லை.

நான் கத்தினேன். "ஏங்க! ஏங்க!" என்று கத்தினேன். பக்கத்துக் கொட்டகையில் தோல் ஊறுகிற மர டிரம்கள் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தன. அந்தச் சத்தத்தையும் தாண்டித்தான் கத்தினேன். சாரத்தின்மேல் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கோவிந்தன் திரும்பி, "இன்னா?" என்றார். ஐந்து பெண்டாட்டிகளும் நாள் முழுக்கக் கூப்பிடுவது அதே 'ஏங்க'தான். உன் அப்பா வேறு யாரையோ என்று நினைத்துக் குனிந்த தலை நிமிராமல் கரணையால் கலவையைத் தட்டிக்கொண்டிருந்தார். உனக்கு ஒன்று தெரியுமே, அவரைப் பேர் சொல்லி யார் கூப்பிட்டாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நாலு எட்டு நடந்து வந்த பிறகுதான் "இன்னா?" என்பார். உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்கிற வழக்கமே கிடையாது. மேஸ்திரி என்னைக் கூப்பிடுவதற்கே அவர் பேரைச் சொல்லி 'இன்னார் பொண்டாட்டி' என்றுதான் கூப்பிடுவார். அந்த மனையில் ஒரு நாளைக்கு இருபது வாயில் அந்தப் பேர் வரும். என் வாயில் மட்டும் வரவில்லை. நாக்கு நுனிவரை வந்தது, சத்தியமாக வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. நீ பிறந்திருந்தால் 'சம்பத்து அப்பா' என்று கூப்பிட்டிருப்பேன், பிள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிடத் தடையில்லை. நீ அப்போது என் வயிற்றில் நாலு மாதம். செங்கல்லைக் கீழே தள்ளிவிட்டு ஓடினேன். பாதி தூரம் போனபோது கப்பி விழுந்துவிட்டது.

வலது தோளில் விழுந்தது. தோல் மூட்டை ஏற்றிப் போகிற லாரியில், மூட்டைகளின் மேலேயே அவரைப் படுக்கவைத்து வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "உனக்கு ஒண்ணும் ஆவலயே? ஓடியாந்தியே, வயித்துல இடிச்சுக்கலயே?" என்று என்னைத்தான் கேட்டார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு குமாஸ்தா நோட்டைப் பிரித்து, நோயாளி பேர் என்ன என்று கேட்டார். நான் நின்றேன். ரத்தம் என் புடவை முழுக்க ஊறியிருக்கிறது, அவரை உள்ளே தூக்கிப் போக ஆள் காத்திருக்கிறது, நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். பிறகு, "திருப்பதில சாமிக்கு எத்தினி மலைங்க? அதாங்க" என்றேன். குமாஸ்தா ஒரு நொடி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு நாள் நினைவில் இருந்திருக்காது. ஆயுசு குறைந்துவிடும் என்று பேரைச் சொல்லாமல் இருந்தேன். சொல்லாததால் என்ன குறைந்தது என்பது உள்ளே மேஜைமேல் கிடந்தது.

கையை எடுக்காமல் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அது அதற்குப் பிறகு எழவில்லை. முப்பது வயதில் கரணையைக் கீழே வைத்தவர் மறுபடி எடுக்கவில்லை. ஷாப்பில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் மேஸ்திரி மழைமேல் பழியைப் போட்டார். நீ பார்த்தாயா என்று என்னைக் கேட்டார்கள். பார்க்கவில்லை, செங்கல் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். உன் அத்தைக்கும் அதையே சொன்னேன், உன் அப்பாவுக்கும் அதையே சொன்னேன். பார்த்தேன் என்றால், பார்த்தவள் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பார்களே என்ற பயம். அப்பா கல்யாண வீட்டுக்கெல்லாம் வந்து வாசலோடு திரும்பிவிடுகிறார், பந்தியில் உட்காரவே மாட்டேன் என்கிறார் என்று சின்ன வயதில் நீ எத்தனை தரம் கோபித்துக்கொண்டாய். நாலு பேர் நடுவில் இடது கையால் சாப்பிட அவருக்குக் கூச்சம். நீ கோபித்துக்கொள்கிற ஒவ்வொரு தரமும் நான்தான் காரணம் என்று எனக்குள் சுருக்கென்றிருக்கும். உன்னிடம், "பெரியவங்கள எதிர்த்துப் பேசாத" என்று அதட்டி வாயை அடைத்துவிடுவேன். அதற்காகவும் என்னை மன்னித்துவிடு.

நீ பத்தாவது பரீட்சை எழுதிய வருடம், ஒருநாள் மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். எந்தப் பேச்சும் இல்லாத நேரத்தில், "அன்னிக்கி நீ கூப்புட்டது என் காதுல வுழுந்துச்சு" என்றார். நான் ஊற்றிக்கொண்டிருந்த ரசம் தட்டைத் தாண்டித் தரையில் போய்விட்டது. "கோவிந்தன் பொண்டாட்டி அவன கூப்புடறான்னு இருந்துட்டேன். அப்புறம் ஆஸ்பத்திரில படுத்துனு யோசிச்சேன். அது உன் கொரலு" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "பார்த்தேங்க. பேர்தான் வாயில வரல" என்றேன். "தெரியும். வுடு. உங்கம்மா சொல்லிக் குடுத்தத நீ செஞ்ச. நான்கூட, எவளாச்சும் புருஷன பேர் சொல்லிக் கூப்புட்டா சிரிச்சவந்தானே" என்றார். கொஞ்ச நேரம் சாப்பிட்டார். பிறகு தலையைத் தூக்கி, "இப்பவாச்சும் ஒரு தரம் சொல்லேன். உன் வாயில எப்டி இருக்குன்னு கேக்கறேன்" என்றார். எனக்கு வெட்கம் வந்துவிட்டது, முப்பத்தைந்து வயதில். "போங்க, இன்னா பேச்சு இது" என்று மோர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் இருந்தேன். நாளைக்கு நாளைக்கு என்று வருடங்கள் ஓடிவிட்டன, மூன்று வருடம் முன்னால் அவரும் போய்விட்டார்.

அவர் பேரைத்தான் சொல்லவில்லையே தவிர, அந்த விபத்துக்குப் பிறகு பத்தொன்பது வருடம் சித்தாளாக வேலை செய்தேன், எந்த மனைக்குப் போனாலும் முதல் நாளே எல்லோருடைய பேரையும் கேட்டுத் தெரிந்துகொள்வேன். மேலே ஒரு சுத்தியல் ஓரத்தில் ஆடினால்கூடக் கீழே நிற்கிறவன் பேரைச் சொல்லிக் கத்துவேன். "இந்தப் பொம்பள வாயி ஊரக் கூட்டும்" என்பார்கள். குடியாத்தம் ரோட்டில் ஒரு கட்டடத்தில் மேலேயிருந்து கடப்பாரை வழுக்கியபோது, "முனுசாமி!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் விலகிவிட்டான், கடப்பாரை அவன் நின்ற மண்ணில் முழங்கால் ஆழம் இறங்கி நின்றது. வாயாடி என்ற பட்டத்தை அன்றைக்கு நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

நீ இப்போது அணைக்கட்டில் ஓவர்சியர். உன் கீழே நூறு பேர் வேலை செய்கிறார்கள், எல்லோருக்கும் இரும்புத் தொப்பி கொடுத்திருக்கிறோம், ஆளுக்கு ஒரு நம்பர் வில்லை கொடுத்திருக்கிறோம் என்று பெருமையாக எழுதினாய். தொப்பி நல்லதுதான். ஆனால் தோளுக்கு ஏது தொப்பி? நம்பரைச் சொல்லிக் கத்தினால் எவன் திரும்புவான்? தன் பேரைக் கேட்டால்தான் மனுஷனுக்கு உடம்பு திரும்பும். ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை, அந்த நூறு பேருடைய பேரையும் கற்றுக்கொள். சித்தாள்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவர்களுக்கும் பேர் உண்டு, 'ஏ புள்ள' என்பது பேர் இல்லை. யாராவது ஒரு காதர் பாய் உன் சாரத்தை அண்ணாந்து பார்த்து ஏதாவது சொன்னால், அவனுக்கு என்ன தெரியும் என்று போகாதே. நின்று கேள். புருஷனும் பெண்டாட்டியுமாக வருகிற ஆட்களை முதல் நாளே கூப்பிட்டு, இங்கே இருக்கிறவரை ஒருவர் பேரை ஒருவர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், இது ஓவர்சியர் உத்தரவு என்று சொல்லிவிடு. பெண்கள் சிரிப்பார்கள், முந்தானையைக் கடிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

உன் அத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கும் இந்தக் கதையை இந்த வாரமே சொல்லிவிடுவேன், தம்பி கை போனதற்கு நானும் ஒரு காரணம் என்று தெரிந்து என்னை நாலு வார்த்தை திட்டட்டும், எனக்கும் பாரம் குறையும். கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தாயே, அதை இன்றைக்கு நானே எழுதினேன். உன் பேருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக 'ஏ' என்று நிற்பதை முழுசாக எழுதினேன். எழுதின கையோடு கதவைச் சாத்திவிட்டு, கூடத்தின் நடுவில் நின்று வாய்விட்டும் சொல்லிப் பார்த்தேன். ஏழுமலை. முதல் தரம் தொண்டையிலேயே சிக்கியது. இரண்டாம் தரம் நன்றாக வந்தது. ஏழுமலை! நாலு எட்டு நடந்து வந்து "இன்னா?" என்பாரோ என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

வசந்தாவிடம் எதையும் கண்டித்துச் சொல்லாதே. பந்தலில், அத்தை பக்கத்தில் இருந்தாலும், என் காதில் விழுகிற மாதிரி உன்னைப் பேர் சொல்லியே கூப்பிடட்டும். நீயும் ஒரு வேலை செய். எந்த இடத்தில், எந்த வயதில், எவ்வளவு கோபத்தில் இருந்தாலும், அவள் 'சம்பத்' என்றால் ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள். முதலில் குனி.

உன் அம்மா